சக்கிமுக்கித் துப்பாக்கியும் அப்பாவின் பட்டடையும்

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்குப் படைப்பு கேட்டு வந்த சங்கத்தார் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள். "கவிதை மட்டும் வேணாம்ப்பா, கைவசம் நிறைய இருக்கு!" சரி என்று நான் ஒரு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். யாரும் ஓட வேண்டாம். இது ஒரு பொழுதுபோக்கைப் பற்றிய கட்டுரை. அந்தப் பொழுதுபோக்கு நம் ஊரில் கிடையாது, அமெரிக்காவில் இருக்கிறது. ஆனால் அதைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு நம்ம ஃபிட்டிங் ஷாப்பும், எங்கப்பா செய்துவந்த தொழிலும் என் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டன. அதனால்தான் எழுதுகிறேன்.

பொழுதுபோக்கு என்றால் நமக்கு என்ன? கிரிக்கெட், சினிமா, செல்போன். அமெரிக்காவில் சிலர் இருக்கிறார்கள். வாரம் முழுக்க ஆபீசிலும் ஆலையிலும் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை வந்தால் 250 வருஷத்துக்கு முந்தின மாதிரி கைத்தையல் சட்டை போட்டுக்கொண்டு, மாட்டுக் கொம்பில் செய்த மருந்துக் குடுவையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் நீளத் துப்பாக்கியோடு காட்டுப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். நாடகம் போடப் போகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். குறி பார்த்துச் சுடும் போட்டிக்குப் போகிறார்கள்!

அவர்கள் கையில் இருப்பது 'ஃபிளின்ட்லாக்' ரைஃபிள். ஃபிளின்ட் என்றால் சக்கிமுக்கிக் கல். லாக் என்றதும் திண்டுக்கல் பக்கத்துக்காரனான எனக்கு மாங்காய்ப் பூட்டுதான் ஞாபகம் வந்தது. (நம்ம பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதைச் சந்தடி சாக்கில் சொல்லிக்கொள்கிறேன்.) ஆனால் இது வேற பூட்டு. விசையை இழுத்ததும் தீப்பொறி உண்டாக்கும் இயந்திர அமைப்பு முழுவதற்கும் லாக் என்று பெயர். மரப்பகுதி ஸ்டாக். குழல் பேரல். ஒன்று விடாமல் மொத்தமாக என்று சொல்ல ஆங்கிலத்தில் 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' என்பார்களே, அது இந்த மூன்றையும் சேர்த்து வந்த வழக்குதான்.

கல் உரசித் தீ பிறக்கும் விதம்

மெக்கானிக்கல் பசங்களுக்கு இந்தப் பகுதி சர்க்கரைப் பொங்கல். மற்ற பிரிவு நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

லாக்கில் சுத்தியல் போல ஒரு கை இருக்கிறது. அதன் வாயில் சக்கிமுக்கிக் கல்லைத் தோல் துண்டில் பொதிந்து, திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்கள். எதிரே ஒரு எஃகுத் தகடு நிமிர்ந்து நிற்கும். அதற்கு 'ஃபிரிஸன்' என்று பெயர். அந்தத் தகட்டின் அடிப்பாகமே ஒரு சின்னக் கிண்ணத்துக்கு மூடி. கிண்ணத்துக்குள் ஒரு சிட்டிகை வெடிமருந்து. விசையை இழுத்ததும் மெயின் ஸ்பிரிங் சுத்தியலை முன்னே தள்ளுகிறது. கல், எஃகைச் சீவிக்கொண்டே இறங்குகிறது. அந்த அடியிலேயே மூடி திறந்துகொள்கிறது. சீவப்பட்ட எஃகுத் துகள்கள் காற்றில் எரிந்தபடி கிண்ணத்தில் விழுகின்றன. அங்கே குப்பென்று பற்றும் தீ, குழலின் பக்கத்தில் இருக்கும் சிறு துளை வழியாக உள்ளே இருக்கும் மருந்தைத் தொடுகிறது. டமால்!

ஒரே அசைவில் மூன்று வேலை நடக்கிறது பாருங்கள். பொறி உண்டாக்க வேண்டும், மூடியைத் திறக்க வேண்டும், பொறி சரியான இடத்தில் விழ வேண்டும். இந்த அமைப்பை 1610 வாக்கில் உருவாக்கியவர் என்று பிரான்சின் லிசியே ஊரைச் சேர்ந்த மாரன் லெ பூர்ஷுவா என்ற கைவினைஞரைச் சொல்கிறார்கள். ஜான் வாக்கர் உரசும் தீக்குச்சியை விற்க ஆரம்பித்ததே 1827-ல்தான். அதற்கு 200 வருஷத்துக்கு முன்பே இப்படி ஒரு மெக்கானிசம்! 1807-ல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், தட்டினாலே வெடிக்கும் ரசாயன மருந்தால் சுடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1840-களில் படைகள் கல்லைக் கைவிட்டு அந்த வழிக்கு மாறின.

வெடிமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. சிவகாசிப் பக்கத்து நண்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷாருக்கு வெடியுப்பு பெருமளவில் போனது நம் நாட்டுப் பீகாரிலிருந்துதான். எங்கேயோ நடந்த சண்டையின் புகையில் நம்ம மண்ணின் உப்பும் இருந்திருக்கிறது.

காட்டுக்காரர்களின் கணக்கு

18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழி பேசும் துப்பாக்கிக் கொல்லர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறினார்கள். லான்காஸ்டர் வட்டாரம் அவர்களுடைய பெரிய கேந்திரம். சொந்த ஊரில் அவர்கள் செய்தது குட்டையான, பருமனான ரைஃபிள். புது ஊரில் அது நீண்டு, மெலிந்து, 40 அங்குலத்துக்கு மேற்பட்ட குழலோடு வேறு உருவம் எடுத்தது. துளையும் சிறுத்தது.

அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சிப்பாயின் மஸ்கட் குண்டு ஏறக்குறைய 0.69 அங்குலம். ஒரு பவுண்டு ஈயத்தில் 14 குண்டுதான் வரும். அரை அங்குலத் துளை கொண்ட ரைஃபிளுக்கு 0.49 அங்குலக் குண்டு போதும். அதே ஒரு பவுண்டில் கிட்டத்தட்ட 40 குண்டு! கோளத்தின் கன அளவு சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள், விடை வரும். மாதக்கணக்கில் காட்டில் அலையும் வேட்டைக்காரன் சுமக்க வேண்டிய ஈயத்தின் எடையை அது முடிவு செய்தது.

ரைஃபிள் என்றால் குழலின் உட்சுவரில் திருகு வரிகள் உண்டு. குண்டைத் துளையைவிடக் கொஞ்சம் சிறிதாக வார்த்து, கொழுப்பு தடவிய துணியில் பொதிந்து உள்ளே தள்ளுவார்கள். துணி அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு குண்டைச் சுழல வைக்கும். சுழலும் பம்பரம் சாயாது இல்லையா, அதே தத்துவம்தான். வரி இல்லாத மஸ்கட் 100 கஜம் தாண்டினால் எங்கே போகிறது என்று சொல்ல முடியாது. நல்ல ரைஃபிள்காரன் 200 கஜத்தில் குறி வைப்பான். ஆனால் மஸ்கட்டில் நிமிஷத்துக்கு மூன்று தடவை சுடலாம், ரைஃபிளில் ஏறக்குறைய ஒரே தடவைதான். 1777-ல் சரடோகா போரில் டேனியல் மார்கன் தலைமையில் போன ரைஃபிள்காரர்கள் பேர் வாங்கியது இந்தக் குறியால்தான். இதே துப்பாக்கி அந்த மண்ணின் பூர்வகுடிகளிடமிருந்து நிலத்தைப் பறிக்கவும் போயிருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அப்பா பார்த்த இங்கிலீஷ் படம்

வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்பர்க் என்று ஒரு பழைய ஊர். 1926 முதல் ராக்ஃபெல்லர் குடும்பத்துப் பணத்தில் அதை 18-ஆம் நூற்றாண்டில் இருந்தபடியே புதுப்பித்தார்கள். அங்கே பழைய முறையிலேயே வேலை செய்யும் பட்டறைகள் உண்டு. துப்பாக்கிப் பட்டறையின் தலைமைக் கொல்லராக இருந்த வாலஸ் கஸ்லர், ஒரு ரைஃபிளை இரும்புப் பட்டையிலிருந்து கடைசித் திருகாணி வரைக்கும் பழைய கருவிகளாலேயே செய்து முடிப்பதை 1969-ல் படமாக எடுத்தார்கள். 'தி கன்ஸ்மித் ஆஃப் வில்லியம்ஸ்பர்க்' என்று பெயர். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை என் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே படுத்திருந்த அப்பா எழுந்து வந்தார்.

"என்னடா தம்பி, உலைச் சத்தம் மாதிரி கேக்குது?"

எங்கப்பா கொல்லர். 30 வருஷத்துக்கு மேல் கொழு, மண்வெட்டி, கருக்கரிவாள், வண்டிப் பட்டா என்று அடித்தவர். டிராக்டர் வந்து கொழு போச்சு. மாட்டுவண்டி போய்ப் பட்டா வேலை போச்சு. அரிவாள் கடையில் பளபளவென்று தொங்குகிறது. பட்டறையை மூடிவிட்டு இப்போது ஒரு நூல் மில்லில் ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்க்கிறார்.

"அமெரிக்காக்காரர் ஒருத்தர் கையாலயே துப்பாக்கி செய்றார்ப்பா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பாவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. நான் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். "நீ சும்மா இரு, எனக்குப் புரியுது" என்றார்.

திரையில், தட்டையான இரும்புப் பட்டையை ஒரு கம்பியைச் சுற்றி மடித்துக் குழலாக ஒட்டும் வேலை. நம்ம பாடப் புத்தகத்தில் 'ஃபோர்ஜ் வெல்டிங்' என்று நாலு வரியில் வருமே, அதுதான்.

"முழு நீளத்தையும் ஒரேடியாக் காய்ச்ச மாட்டான் பாரு. ரெண்டு அங்குலம், மூணு அங்குலமா ஒட்டிக்கிட்டே வருவான்" என்றார் அப்பா. அப்படியே நடந்தது. "வெள்ளையா வரணும். சின்னதா பொறி பறக்க ஆரம்பிக்கறப்ப எடுத்துடணும். அசந்தா இரும்பு எரிஞ்சு போயிரும்." அதுவும் நடந்தது. அடி விழுந்துகொண்டிருக்கும்போதே அப்பா செல்போனைப் பார்த்துக் கத்தினார்: "உள்ள இருக்கற கம்பிய உருவு! உருவு! இல்லாட்டி அதும் சேந்து ஒட்டிக்கும்!" வாலஸ் கஸ்லருக்கு அது கேட்டிருக்க வேண்டும். உருவிவிட்டார்!

ரைஃபிள் வரி போடும் இடம் வந்தபோது அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். "இது நமக்குத் தெரியாத வேலை. திரும்பப் போடு" என்றார். மூன்று தடவை போட்டேன். அங்கே நான் வாத்தியார் ஆனேன். ஒரு மர உருளை, அதன் மேல் திருகு வரிகள். அது ஒரு தடுப்பில் பொருந்தி ஓடும். உருளையை இழுத்தால் அது திரும்பிக்கொண்டே வரும். அதன் நுனியில் இருக்கும் கம்பில் ஒரு சின்ன வெட்டும் பல். பெரிய உருளையின் திருகு அப்படியே குழலுக்குள் இறங்கும். ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்குத் திருப்பி வைக்கணும், நம்ம இன்டெக்ஸிங் மாதிரி. ஆழம் போதாவிட்டால் பல்லுக்கு அடியில் காகிதத் துண்டு வைத்து உயர்த்துவார்கள். நான் சொல்லச் சொல்ல அப்பா தலையாட்டினார். "காகிதம் வைக்கிறான் பாத்தியா, அங்கதாண்டா கைவேலை" என்றார்.

படம் முடிந்ததும் கேட்டார். "இதை என்ன விலைக்குக் குடுப்பாங்க?"

"இப்ப நல்ல கைவேலை ரைஃபிள்னா பல ஆயிரம் டாலர்ப்பா. நம்ம காசுக்கு லட்சக்கணக்குல வரும்."

"பேரம் பேச மாட்டாங்களா?"

"பேர் போன ஆள்கிட்ட ஆர்டர் குடுத்துட்டு வருஷக்கணக்குல காத்திருக்காங்களாம்."

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஒரு அருவாளுக்கு இருபது ரூபா கூடக் கேட்டா, கடைக்குப் போய்ட்டாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். சாயந்திரம் மில்லுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்த ஆளு சுத்தியல் பிடிக்கறது சுத்தம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கொம்பும் பையும் சட்டையும்

துப்பாக்கியோடு இந்தப் பொழுதுபோக்கு முடிவதில்லை. கூடவே போகும் சாமான்களைச் செய்வதுதான் பாதி சந்தோஷம்.

முதலில் மருந்துக் கொம்பு. மாட்டுக் கொம்பைச் சுத்தம் செய்து, வெளிப்பக்கத்தைச் சுரண்டிச் சுரண்டி மெல்லிசாக்குவார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்று தெரிய வேண்டும். அகன்ற வாயைக் கொதிநீரில் இளக்கி வட்டமாக்கி, மரக்கட்டை பொருத்தி ஆணி அடிப்பார்கள். நுனியில் துளை, அதற்கு ஒரு மரத் தக்கை. 1754 முதல் 1763 வரை பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் அங்கே சண்டை போட்ட காலத்தில், சிப்பாய்கள் தங்கள் கொம்பில் ஆறு, கோட்டை, பாதை எல்லாம் வரைபடமாகச் செதுக்கி வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் அடிக்கும்போது இது எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகு தோல் பை. மெழுகு தேய்த்த லினன் நூலில், இரண்டு ஊசி வைத்துக் கைத்தையல். பைக்குள் குண்டு, துணித் துண்டு, மாற்றுக் கல், துளையைக் குத்திச் சுத்தம் செய்யும் கம்பி, கிண்ணத்தைத் துடைக்கச் சின்ன பிரஷ், குண்டு வார்க்கும் அச்சு, தீ மூட்டச் சக்கிமுக்கி. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதனால் வேட்டைக்காரன் காட்டுத் தீயிலேயே குண்டு வார்த்துக்கொள்ளலாம். மான் தோலில் 'மொக்கசின்' செருப்பு. இதைப் பூர்வகுடிகளிடமிருந்து கற்றுக்கொண்டார்கள்.

கட்டுப்பாடும் உண்டு. ராக்கி மலைகளில் 1825 முதல் 1840 வரை வருஷத்துக்கு ஒருமுறை தோல் வியாபாரிகளும் வேட்டைக்காரர்களும் கூடும் 'ரான்டிவூ' என்ற சந்தை நடந்தது. இன்றைக்கு அதே பெயரில் கூடும் முகாம்களில், 1840-க்குப் பிந்தின சாமான் கண்ணில் படக்கூடாது என்று விதி வைப்பார்கள். ஜிப் கூடாது. பிளாஸ்டிக் கூடாது. நம்ம ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் யூனிஃபார்ம் பார்ப்பதைவிடக் கறாராகப் பார்ப்பார்கள்!

ஒரு குண்டு, ஒரு நிமிஷம்

இந்தியானா மாநிலத்தில் ஃபிரண்ட்ஷிப் என்று ஒரு சின்ன ஊர். ஊர் பெயரே 'நட்பு'! 1933-ல் தொடங்கிய தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கம், அதாவது குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்காரர்களின் சங்கம், அங்கேதான் தன் தேசியப் போட்டிகளை நடத்திவருகிறது. பென்சில்வேனியாவில் 1974-ல் ஃபிளின்ட்லாக்குக்கு மட்டும் என்று தனியாக மான் வேட்டைப் பருவமே அறிவித்தார்கள்.

போட்டிகள் சுவாரசியமானவை. ஒரு கோடரியின் வாயைச் சுடுகிறவரை நோக்கி நிறுத்துவார்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு களிமண் வில்லை. குண்டு கோடரி வாயில் சரியாகப் பட்டு இரண்டாகப் பிளந்து, இரண்டு வில்லையையும் உடைக்க வேண்டும். எரியும் மெழுகுவத்தியைச் சாய்க்காமல் சுடரை மட்டும் அணைக்கும் போட்டியும் உண்டு. அந்தக் காலத்தில் பரிசாக ஒரு மாட்டையே வைப்பார்கள். நாலு கால் பங்கு இறைச்சி நாலு பேருக்கு, தோலும் கொழுப்பும் 'ஐந்தாவது கால்' என்று இன்னொருவருக்கு!

ஆனால் சுடுவது சுலபமில்லை. விசையை இழுத்த பிறகு கல் விழுந்து, கிண்ணம் பற்றி, உள்மருந்து பற்றி, அப்புறம்தான் குண்டு கிளம்பும். நொடியின் சின்னப் பகுதிதான் அது. அதற்குள் கண்ணுக்கு முன்னால் நெருப்பு, புகை. அந்த நேரத்தில் கண்ணை மூடினாலோ, தோளை அசைத்தாலோ குறி போச்சு. விசையை இழுத்த பிறகும் குறியிலேயே நிற்கத் தெரிந்தவன்தான் ஃபிளின்ட்லாக்காரன்.

சில சமயம் கிண்ணம் மட்டும் எரியும், குண்டு போகாது. ஆரவாரமாக ஆரம்பித்து ஒன்றுமில்லாமல் போவதை ஆங்கிலத்தில் 'ஃபிளாஷ் இன் த பேன்' என்பது இதிலிருந்துதான். அப்படி ஆனால் குழலை இலக்கின் பக்கமே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். தாமதமாகவும் வெடிக்கலாம். கொம்பிலிருந்து நேராகக் குழலில் மருந்து கொட்டக்கூடாது, அளவுக் குப்பியில் எடுத்துத்தான் கொட்ட வேண்டும். உள்ளே கனல் மிச்சம் இருந்தால் கொம்பே வெடித்துவிடும். மழை பெய்தால் கிண்ணத்து மருந்து கூழ். சுட்டு முடித்ததும் வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் குழல் துருப்பிடிக்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு? அவர்கள் ஊரில் நொடியில் சுடும் நவீனத் துப்பாக்கி கடையிலேயே கிடைக்கிறதே! நான் புரிந்துகொண்ட வரையில், குண்டு தவறினால் ஏன் தவறியது என்று அந்த ஆளுக்குத் தெரியும். கல்லின் முனை மழுங்கியதா, துணி தடிப்பா, மருந்து ஈரமா, இல்லை தன் தோள் அசைந்ததா. ஒவ்வொன்றும் அவன் கையால் வைத்தது. அதனால் பழியைப் போட வேறு ஆள் இல்லை. சரியாகப் பட்டால் அந்தப் பெருமையிலும் பங்குக்கு ஆள் இல்லை.

எங்கள் வீட்டுச் சக்கிமுக்கி

இதைப் படித்துவிட்டு யாராவது ஹாஸ்டலில் குழல் தேடக் கிளம்பினால் நான் பொறுப்பல்ல. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். ஜெயில்தான். வெடிமருந்தோ உயிரையே கேட்கும்.

ஆனால் அந்தத் தோல் பையில் ஒரு சாமான் இருந்ததே, சக்கிமுக்கி, அதைச் செய்ய யார் தடுப்பது? அப்பாவிடம் சொன்னேன். "எங்க தாத்தா வச்சிருந்தாரு" என்றார். ஒரு லீவு நாளில், மூடிக் கிடந்த உலையை மறுபடி மூட்டினோம். நான் துருத்தி போட்டேன்.

பல் போன பழைய அரம் ஒன்றை எடுத்தார் அப்பா. நம் ஃபிட்டிங் ஷாப் எம்.எஸ். பிளாட் இதற்கு ஆகாது. அதில் கார்பன் கால் சதவீதத்துக்கும் கீழே. தண்ணீரில் முக்கினாலும் கெட்டியாகாது, கல்லால் சீவினால் பொறி வராது. அரத்தில் கார்பன் ஒரு சதவீதத்துக்கு மேல். அப்பாவுக்குக் கார்பன் சதவீதம் தெரியாது. "இதுல உசிரு இருக்கு, அதுல இல்ல" என்பார். இரண்டும் ஒன்றுதான்.

பழுக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்துப் பிடி மாதிரி வளைத்து, முகப்பை மட்டும் தண்ணீரில் முக்கினார். பிறகு தேய்த்துப் பளபளப்பாக்கி, அனலில் லேசாகக் காட்டி, நிறம் மாறுவதைப் பார்த்தார். "பொன்னு நிறம் வந்ததும் நிறுத்தணும். நீலத்துக்குப் போனா தளந்து போச்சு." தோழர்களே, வைவாவில் 'டெம்பரிங் கலர்' கேட்டால் 'ஸ்ட்ரா, பர்ப்பிள், ப்ளூ' என்று மனப்பாடமாக ஒப்பிப்போமே. அந்த ஸ்ட்ரா கலரை அன்றைக்குத்தான் நான் கண்ணால் பார்த்தேன். வேறொரு அரத்தால் உரசினேன். வழுக்கியது. ஃபிரிஸனுக்கும் இதே பதம்தான் வேண்டும். மேற்பரப்பு கல்லுக்குப் பொறி கொடுக்கும் அளவு கடினம், அதே சமயம் அடியில் உடையாத உறுதி. இரும்பில் செய்தால் அதற்காகத்தான் கரியோடு பொதித்துக் காய்ச்சுவார்கள். கேஸ் ஹார்டனிங்!

நம் பக்கம் சக்கிமுக்கிக் கல் கிடைக்கவில்லை. வெங்கச்சங்கல்லை உடைத்துக் கூர் முனை எடுத்தோம். பழைய வேட்டித் துணியை மூடிய டப்பாவில் வைத்துக் கரியாக்கிக்கொண்டோம். நாலாவது உரசலில் ஒரு பொறி துணியில் விழுந்து சிவப்பாகப் பரவியது. தேங்காய் நாரில் வைத்து ஊதினேன். தீ!

ஹாஸ்டலில் காட்டியபோது எலெக்ட்ரிகல் நண்பன் கேட்டான்: "பத்து ரூபா லைட்டர் இருக்கறப்ப இது எதுக்குடா?" நியாயமான கேள்விதான். லைட்டர் எனக்குத் தீ கொடுக்கும். இது எனக்குத் தீயோடு சேர்த்து இரண்டாமாண்டு மெட்டலர்ஜிப் பாடத்தையும் கொடுத்தது. சி.என்.சி. இருக்கும்போது முதலாமாண்டில் கை கொப்புளிக்க அரம் தேய்க்க வைக்கிறார்களே என்று நாம் புலம்புவதற்கும் பதில் இதுதான். இயந்திரத்திடம் எதைக் கேட்பது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேறொரு விஷயமும் நடந்தது. எங்கள் பட்டடையைக் கிலோ கணக்கில் விலை பேசிப் பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை வந்து போயிருந்தார். மூன்றாவது தடவை வந்தபோது அப்பா, "இப்ப இல்லண்ணே, பையன் லீவுல வந்தா வேலை இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அது எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. நானும் ரிசல்ட் வந்ததும் ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விடுவேன். பட்டடை இருந்தால் மட்டும் தொழில் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

நாம் என்ன செய்யலாம்?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ராபன் கவுன்டி என்ற மலைப்பகுதி. அங்கே ஒரு பள்ளி மாணவர்கள் 1966-ல் 'ஃபாக்ஸ்ஃபயர்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் அவர்கள் தொழிலைக் கேட்டு, படம் எடுத்து, எழுதினார்கள். அது பிறகு புத்தக வரிசையாக வந்தது. 1979-ல் வந்த ஐந்தாம் தொகுதியில் இரும்பு உருக்குதல், கொல்லு வேலை, ஃபிளின்ட்லாக் ரைஃபிள் எல்லாம் இருக்கின்றன. எழுதியவர்கள் நம்மைவிடச் சின்னப் பிள்ளைகள்!

அந்த நாட்டில் இந்தக் கைவேலைக்கு இன்றைக்கு இருக்கும் மரியாதை தானாக வந்துவிடவில்லை. யாரோ கேட்டார்கள், யாரோ படம் பிடித்தார்கள், யாரோ எழுதி வைத்தார்கள். நம் வகுப்பிலேயே தறிக்காரர் மகன் இருக்கிறான், தச்சர் மகள் இருக்கிறாள், பூட்டுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், தோல் பதனிட்டவரின் பேரன் இருக்கிறான். செமஸ்டர் லீவில் ஒரு நாள் மட்டும் ஒதுக்குங்கள். சாவியின் பல்லை எந்த அரத்தால் தேய்த்தார்கள், பாவுக்குக் கஞ்சி எந்தப் பதத்தில் போட்டார்கள், தோல் வெந்ததா என்று எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று கேளுங்கள். "உனக்கு எதுக்குடா இதெல்லாம், படிக்கற வேலையைப் பாரு" என்பார்கள். இதுவும் படிப்புதான் என்று சொல்லிவிட்டு, நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.